கொடுக்காத மரபணுவும் குழந்தையைத் தொடும்

குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் வீட்டில் சீக்கிரமே ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "இது அம்மா பக்கத்திலிருந்து வந்ததா, அப்பா பக்கத்திலிருந்து வந்ததா?" மரபியல் படித்தவர்கள் கேட்பது வேறு கேள்வி. எந்த வழியாக வந்தது, எந்தக் காலத்தில் வந்தது என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். தடுக்க முடியுமா, எப்போது தடுக்க வேண்டும், அடுத்த குழந்தைக்கும் வருமா என்ற மூன்றுக்கும் விடை அதில் இருக்கிறது.

தாயிடமும் தந்தையிடமும் தலா 23 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொருவரும் தம் மரபணுத் தொகுப்பில் பாதியை மட்டுமே குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்த பாதி குழந்தையின் உடலுக்குள் புகுந்து, அதன் நரம்பணுக்களிலேயே வேலை செய்கிறது. இதை நேர்வழி என்று வைத்துக்கொள்வோம். கொடுக்காத மறுபாதியும் பெற்றோரின் உடலில் ஓயாமல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் எந்தப் பொருள் எவ்வளவு ஓடுகிறது, தந்தைக்குப் படிப்பில் எவ்வளவு நாட்டம், இருவருக்கும் மனச்சோர்வு எளிதில் வருமா என்பதிலெல்லாம் அவர்களுடைய மரபணுத் தொகுப்பு முழுவதற்கும் பங்குண்டு. அந்த உடலுக்குள்ளும் அந்த வீட்டுக்குள்ளும்தான் குழந்தை வளர்கிறது. இது சுற்றுவழி.

காலம் ஏன் முக்கியம் என்பதற்கு மூளை வளரும் வரிசையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கரு உருவான 28ஆம் நாள் வாக்கில் நரம்புக் குழல் மூடிவிடுகிறது. கர்ப்பமா என்று பரிசோதித்துப் பார்ப்பதற்குள்ளேயே பலருக்கு இந்தக் கட்டம் பாதி முடிந்திருக்கும். பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு நடப்பதில் பெரும்பங்கு இணைப்பு வேலை. நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் பெருகுகின்றன, நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. இரண்டாவது பிறந்தநாளில் மூளையின் பருமன் பெரியவர்களுடையதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடும். ஒரு மரபணுவின் குறை இந்த வரிசையில் எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்பதைப் பொறுத்து விளைவு முற்றிலும் மாறும்.

ஒரே மரபணு, இரண்டு வழிகள்

இந்த இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க பீனைல்கீட்டோனூரியாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. சுருக்கமாக பி.கே.யு. நார்வேயில் ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளுக்கும் அறிவு வளர்ச்சி ஏன் நின்றுபோனது, அவர்களிடம் ஏன் ஒரு வித்தியாசமான வாடை வருகிறது என்று மருத்துவர்களிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தார். அது பச்சையாக மாறியது. நிறத்துக்குக் காரணம் பீனைல்பைருவிக் அமிலம் என்று கண்டுபிடித்ததிலிருந்து இந்த நோயின் வரலாறு தொடங்குகிறது.

நாம் சாப்பிடும் எல்லாப் புரதத்திலும் பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 50 மில்லிகிராம். தேவைக்கு மேல் வருவதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி டைரோசினாக மாற்றிவிடும். அந்த நொதிக்கான மரபணு 12ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் நொதி வேலை செய்யாது, பீனைல்அலனின் ரத்தத்தில் தேங்கும். மூளைக்குள் நுழைய இதற்கும் டைரோசினுக்கும் டிரிப்டோஃபேனுக்கும் ஒரே வாசல்தான். அளவுக்கு மீறிய பீனைல்அலனின் அந்த வாசலை அடைத்துக்கொள்வதால் மற்ற இரண்டும் உள்ளே போவது குறைகிறது. அவற்றிலிருந்து மூளை தயாரிக்கும் டோபமின், செரடோனின் என்ற செய்தி கடத்தும் பொருட்களின் உற்பத்தி சரிகிறது, மயலின் உறையும் சரியாகப் படிவதில்லை.

முதலில் நேர்வழி. பெற்றோர் இருவரிடமும் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதான பிரதி. இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இரண்டு பழுதான பிரதிகளும் சேர 25 சதவீத வாய்ப்பு. அப்படிச் சேர்ந்தாலும் கருப்பையில் குழந்தைக்கு ஆபத்தில்லை. தேங்கும் பீனைல்அலனினை நஞ்சுக்கொடி வழியாக எடுத்து, தாயின் கல்லீரல் தன்னிடமுள்ள ஒரு நல்ல பிரதியை வைத்தே சமாளித்துவிடுகிறது. குழந்தை முழு ஆரோக்கியத்தோடு பிறக்கிறது. பால் குடிக்கத் தொடங்கிய பிறகே அளவு ஏறுகிறது. பிறந்த ஏழு முதல் பத்து நாட்களுக்குள் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கி விடாமல் கடைப்பிடித்தால், அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளரும். தவறவிட்டால் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு வரும், இழந்ததைப் பின்னால் மீட்கவும் முடியாது.

இப்போது சுற்றுவழி. அப்படிக் காப்பாற்றப்பட்ட பெண் குழந்தை வளர்ந்து தாயாகிறார் என்று வையுங்கள். ஒரு காலத்தில் பள்ளி வயதை எட்டியதும் உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடும் வழக்கம் இருந்தது. அந்த வயதுக்குப் பிறகு மூளைக்கு ஆபத்தில்லை என்று நினைத்தார்கள். அவர் நலமாகவே இருக்கிறார். ஆனால் அவர் ரத்தத்தில் பீனைல்அலனின் லிட்டருக்கு 1,200 மைக்ரோமோலுக்கு மேல். கணவரிடம் இரண்டும் நல்ல பிரதிகள் என்றால் குழந்தைக்கு ஒரு நல்ல பிரதி கட்டாயம் கிடைக்கும்; அதற்கு பி.கே.யு. வராது. ஆனால் நஞ்சுக்கொடி அமினோ அமிலங்களைத் தாயிடமிருந்து கருவுக்கு இறைத்துக் கொடுக்கும் இயல்புடையது. அதனால் கருவின் ரத்தத்தில் அளவு தாயினுடையதைவிடக் கூடுதல். கருவின் இளம் கல்லீரலால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. 1980இல் அமெரிக்காவில் இத்தகைய 500க்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். தாயின் அளவு 1,200ஐத் தாண்டியிருந்து சிகிச்சையும் இல்லாதபோது, பிறந்த குழந்தைகளில் 92 சதவீதத்தினருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. 73 சதவீதத்தினருக்குத் தலை சிறுத்திருந்தது. 12 சதவீதத்தினருக்கு இதயக் குறைபாடு.

பி.கே.யு.வைக் கண்டறிய, பிறந்ததும் செய்யும் பரிசோதனைக்காக இந்தக் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் முடிவு இயல்பாகவே இருக்கும். குழந்தையின் மரபணுவைப் பரிசோதித்தாலும் நோய்க்குரிய இரண்டு பழுதான பிரதிகள் இருக்காது. பிறந்த பின் குழந்தைக்கு உணவுக் கட்டுப்பாடு வைப்பதால் பயனும் இல்லை. பாதிப்பு நிகழ்ந்தது தாயின் மரபணுவால், அது பிறப்பதற்கு முன்பே முடிந்தும்விட்டது.

ஆகவே சிகிச்சையும் இடம் மாறுகிறது. கருத்தரிப்பதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பிருந்தே தாய் தன் அளவை 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் கொண்டுவந்து பிரசவம் வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். கர்ப்பத்தில் வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை ரத்தம் பார்ப்பார்கள். கடுமையான வகை பி.கே.யு. உள்ள ஒருவர் ஒரு நாளில் தாங்கக்கூடிய பீனைல்அலனின் பெரும்பாலும் 250 முதல் 350 மில்லிகிராம், அதாவது 5 முதல் 7 கிராம் இயற்கைப் புரதம்தான். 100 கிராம் சோற்றிலேயே இரண்டரை கிராம் புரதம் போய்விடும். பருப்பு, பால், தயிர், முட்டை, மீன், கறி, கடலை எதற்கும் இடமில்லை. மிச்சப் புரதத் தேவையைப் பீனைல்அலனின் நீக்கிய அமினோ அமில மாவைக் கரைத்துக் குடித்துத்தான் நிரப்ப வேண்டும். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு கலந்த 'சுகர் ஃப்ரீ' பொருட்களும் கூடாது, அதிலிருந்தும் பீனைல்அலனின் பிரியும்.

இவ்வளவு கவனித்தும் தவறுவது எங்கே என்றால், மசக்கை வாந்தியில். சாப்பாடு தங்காதபோது உடல் தன் சொந்தத் தசைப் புரதத்தைக் கரைக்கத் தொடங்குகிறது, அதிலிருந்தே பீனைல்அலனின் ரத்தத்தில் ஏறும். ஒன்றுமே சாப்பிடவில்லையே, பிறகு ஏன் அளவு கூடியது என்று கலங்குபவர்களுக்குக் காரணம் இதுதான். புரதத்தைக் குறைத்தாலும் மாவுச்சத்து, எண்ணெய் வழியாகக் கலோரியைக் குறையாமல் பார்க்க வேண்டும். அளவு 120க்குக் கீழே நெடுநாள் கிடந்தாலும் கருவின் வளர்ச்சி பாதிக்கப்படும். கர்ப்பத்தின் பிற்பாதியில் கரு புரதத்தைத் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்வதால் தாயின் தாங்குதிறன் கூடும், அப்போது உணவைக் கூட்டாவிட்டால் இந்தத் தவறுதான் நேரும்.

சிறுசிறு மரபணுக்கள் செய்வது

பி.கே.யு. அரிது. ஐரோப்பாவில் ஏறக்குறைய 10,000 குழந்தைகளுக்கு ஒன்று. பேசும் வயது, கவனம், சொல்வளம் போன்ற அன்றாடப் பண்புகளில் ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் தலா இம்மியளவு பங்களிக்கின்றன. இங்கே சுற்றுவழியை எப்படிப் பிரித்துக் காண்பது?

அதற்குத்தான் கொடுக்காத பாதி உதவுகிறது. குழந்தை, தாய், தந்தை மூவரின் டி.என்.ஏ.வும் இருந்தால் எது கடத்தப்பட்டது, எது கடத்தப்படவில்லை என்று பிரித்துவிடலாம். கடத்தப்படாத பகுதி குழந்தையின் உடலில் இல்லவே இல்லை. அதற்கும் குழந்தையின் பண்புக்கும் தொடர்பு தெரிந்தால், அது வேறு ஏதோ வழியில் வந்திருக்க வேண்டும். 2018இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 21,637 பேரிடம் இதைக் கணக்கிட்டார்கள். கல்வி கற்ற ஆண்டுகளோடு பார்த்தபோது, கடத்தப்பட்ட மரபணுக்களின் விளைவில் சுமார் 30 சதவீத அளவுக்குக் கடத்தப்படாதவற்றின் விளைவும் இருந்தது. அளந்தது பெரியவர்களின் படிப்பை, மழலைப் பருவத்தை அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனால் வழிமுறை அங்கிருந்து பரவியது. 1999 முதல் 2008 வரை கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்துவரும் நார்வே ஆய்வு இதற்குப் பொருத்தமான களம். அங்கே தாய், தந்தை, குழந்தை மூவரின் மாதிரிகளும் இருக்கின்றன.

2024இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நேரடியாகவே இந்தக் கேள்வியைத் தொட்டது. அரிய நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ள 11,573 பேரையும் அவர்களின் பெற்றோர் பலரையும் ஆராய்ந்ததில், இத்தகைய குறைபாடுகளுக்கான பொதுவான மரபணு வேறுபாடுகள் நேர்வழியில் மட்டுமே செயல்பட்டது தெரிந்தது. கல்வி, அறிவுத்திறன் தொடர்பான வேறுபாடுகளிலோ கடத்தப்படாத பாதிக்கும் குழந்தையின் அபாயத்துக்கும் தொடர்பு இருந்தது. இதை உடனே "வளர்ப்பின் விளைவு" என்று படித்துவிடுவது அவசரம். ஒத்த இயல்புள்ளவர்கள் ஒருவரையொருவர் மணப்பதாலும் இதே தடயம் விழும் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுச் சூழலை மட்டும் பார்க்கும் எளிய ஆய்வுகளில் இந்த எச்சரிக்கை அடிக்கடி காணாமல் போகிறது. வீட்டில் புத்தகம் நிறைய இருந்தால் குழந்தையின் சொல்வளம் கூடுகிறது என்று ஒரு கணக்கு வரும். புத்தகம் வாங்கத் தூண்டிய அதே மரபணுக்கள் குழந்தைக்கும் போயிருக்கலாமே? மூவரின் டி.என்.ஏ.வையும் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. எதிர்த்திசையும் உண்டு. இயல்பிலேயே அதிகம் மழலை பேசும் குழந்தையிடம் பெரியவர்களும் அதிகம் பேசுகிறார்கள், பேசாத குழந்தையிடம் அவர்களையும் அறியாமல் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் பிரிக்கத் தெரியாததால் நடந்த கொடுமையும் இருக்கிறது. 1950, 60களில் ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமற்ற தாய்தான் என்று மேலைநாட்டு மருத்துவர்கள் பலர் எழுதினார்கள். ஏற்கெனவே நொந்திருந்த தாய்மார்கள் மேல் பழியும் விழுந்தது. 1977இல் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து வந்த 11 ஜோடிகளில் 4இல் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் தாய்மார்கள் மேல் இருந்த பழியைத் தகர்க்கத் தொடங்கியது அதுவே.

இருவரிடமும் இல்லாதது

சில நேரம் "யார் பக்கம்" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் இருவரின் ரத்தத்திலும் காணப்படாத 60, 70 புதிய டி.என்.ஏ. எழுத்து மாற்றங்கள் இருக்கும். தந்தையின் வயதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் ஒன்றரை மாற்றம் கூடுகிறது, தாயின் வயதில் ஓர் ஆண்டுக்கு அரை மாற்றத்துக்கும் குறைவு. 300 கோடி எழுத்துகளில் இவை எங்கோ விழுவதால் பெரும்பாலானவை தீங்கற்றவை. மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாத மரபணுவில் ஒன்று விழுந்துவிட்டால் கடுமையான குறைபாடு வரும். 2017இல் பிரிட்டன், அயர்லாந்தைச் சேர்ந்த 4,293 குடும்பங்களின் ஆய்வில், கடுமையான வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளில் 42 சதவீதத்தினருக்கு இத்தகைய புதிய மாற்றமே காரணம் என மதிப்பிட்டார்கள். இப்படி வந்தது அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு 1 சதவீத அளவுதான். அது பூஜ்யம் ஆகாததற்குக் காரணம், பெற்றோரில் ஒருவரின் விந்தணுக்களிலோ கருமுட்டைகளிலோ சிலவற்றில் மட்டும் அதே மாற்றம் ஒளிந்திருக்கலாம்.

"யார் பக்கம்" என்பதே நோயைத் தீர்மானிக்கும் இடமும் ஒன்று உண்டு. 15ஆவது குரோமோசோமின் ஒரு சிறு பகுதி தந்தை தந்த பிரதியில் அறுந்துபோனால் பிரேடர்-வில்லி நோய்க்குறி: பச்சைக்குழந்தையில் தளர்ந்த உடல், பால் உறிஞ்சச் சிரமம், சில ஆண்டுகளில் அடங்காத பசி. அதே பகுதி தாய் தந்த பிரதியில் அறுந்தால் ஏஞ்சல்மன் நோய்க்குறி: பேச்சு ஏறக்குறைய இல்லை, தள்ளாடும் நடை, வலிப்பு. அந்தப் பகுதியில் சில மரபணுக்கள் தந்தையின் பிரதியிலும், நரம்பணுக்களில் ஒன்று தாயின் பிரதியிலும் மட்டுமே விழித்திருப்பதால் இந்த வேறுபாடு.

நம் ஊரில் கேட்க வேண்டியது இன்னொன்று. சொந்தத்தில் கல்யாணம். தமிழ்நாட்டில் திருமணங்களில் கால் பங்குக்கு மேல் இன்னும் உறவுக்குள் நடக்கின்றன. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில், எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும் குழந்தையிடம் அதன் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 16இல் 1 வாய்ப்பு. தாய்மாமனை மணந்தால் 8இல் 1. பி.கே.யு. போல இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால் வரும் நோய்கள் கூடுவது இதனால்தான். பிறவிக் குறை அல்லது கடுமையான மரபணு நோய்க்கான அபாயம் எல்லோருக்கும் 3 சதவீத அளவில் இருக்கிறது. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அதன் மேல் சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும். மணமுடித்துவிட்டவர்களைப் பயமுறுத்த இந்த எண் உதவாது. கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போகவும், குடும்பத்தில் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால் எந்த நோய் என்று பெயரோடு கண்டறிந்து வைக்கவும் உதவும்.

பரிசோதனைக்குப் போகும்போது

பிறந்த குழந்தைக்கான குதிகால் ரத்தப் பரிசோதனைக்குச் சரியான நேரம் பிறந்து 48 முதல் 72 மணி நேரம். முதல் நாளிலேயே எடுத்தால் பால் போதிய அளவு உள்ளே போயிருக்காது, பி.கே.யு. இருந்தும் இயல்பு என்று முடிவு வரக்கூடும். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று முன்னதாக எடுத்திருந்தால் திரும்பவும் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் சேகரிக்கும் அட்டையில் ஒரு வட்டத்துக்கு ஒரே பெரிய துளி. ஒன்றின் மேல் ஒன்றாகச் சொட்டினால் அளவு தவறாக வரும். வெயில் படாமல் படுக்கை வாட்டில் குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் காய வேண்டும். இந்தியாவில் இது நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுவதில்லை என்பதால், பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. பிறவித் தைராய்டு குறைபாடும் அதே அட்டையில் தெரியும். அது பி.கே.யு.வைவிட அதிகம் காணப்படுவது, மாத்திரையிலேயே சரியாவது, இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மூளையைக் காப்பது.

பேச்சுத் தாமதம் என்றால் மரபணுவுக்கு முன்னால் செவித்திறன் பரிசோதனை. அது சரியாக இருந்து, வளர்ச்சித் தாமதமும் தெளிவாகத் தெரிந்தால் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடுவார்கள். கருச்சிதைவுகள், சிறுவயது மரணங்கள், "கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டுப்போன சித்தப்பா வரை எதையும் மறைக்காதீர்கள். பிறகு குரோமோசோம்களில் விடுபட்ட அல்லது கூடுதலான துண்டுகளைத் தேடும் மைக்ரோஅரே, மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளைப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை.

எக்ஸோமுக்கு முடிந்தவரை குழந்தை, தாய், தந்தை மூவரின் ரத்தமும் கொடுங்கள். குழந்தையுடையதை மட்டும் படித்தால் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் வரும், அவற்றில் எது புதியது, எது பெற்றோரிடம் இருந்தும் தீங்கு செய்யாதது என்று சொல்ல முடியாது. மூவருடையதையும் ஒப்பிட்டால் புரதம் உருவாக்கும் பகுதியில் புதிய மாற்றங்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டுதான் மிஞ்சும். தந்தையின் மாதிரி இல்லாததால் "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று முடிந்துபோகும் அறிக்கைகள் அநேகம்.

எக்ஸோம் எல்லாவற்றையும் பிடிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைத் தரும் ஃப்ரஜைல் எக்ஸ் நோய்க்குறியில் மரபணுவின் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப நீள்கிறது. 55 முதல் 200 முறை என்றால் கேரியர், அதாவது அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடியவர். 200ஐத் தாண்டினால் மரபணு மூடிக்கொள்கிறது. அந்தத் தாண்டல் நிகழ்வது தாய் வழியாகக் கடத்தப்படும்போதுதான். தந்தையிடம் உள்ள நடுத்தர நீளம் எல்லா மகள்களுக்கும் போகும், ஆனால் 200ஐத் தாண்டாது. பிரச்சினை பேரக்குழந்தையிடம் வெடிக்கும். இதைத் தனிப் பரிசோதனையாகவே எழுதிக் கேட்க வேண்டும். பிரேடர்-வில்லி, ஏஞ்சல்மன் சந்தேகத்துக்கு, தாய், தந்தை பிரதிகளில் எது விழித்திருக்கிறது என்று காட்டும் மெத்திலேஷன் பரிசோதனை.

இணையத்தில் விற்கும் "குழந்தையின் அறிவுத்திறன் மரபணு மதிப்பெண்" வகையறாக்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. நம்மவர்களிடம் அவற்றின் துல்லியம் வெகுவாகக் குறைந்துவிடும். போதாததற்கு, அந்த எண்ணுக்குள் நேர்வழியும் சுற்றுவழியும் பிரிக்கப்படாமல் கலந்து கிடக்கின்றன.

முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். பேச்சுப் பயிற்சியையும் உடலியக்கப் பயிற்சியையும் அதற்காக நிறுத்திவைக்காதீர்கள். மரபணு முடிவு எதுவானாலும் இவை தேவைப்படும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று அறிக்கை வந்தால், அதோடு மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். புதிய நோய் மரபணுக்கள் ஆண்டுதோறும் அடையாளம் காணப்படுவதால், ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அதே தரவைத் திரும்ப ஆராயும்போது, புதிதாக ரத்தம் எடுக்காமலேயே சிலருக்கு விடை கிடைக்கிறது.